உனக்கு என்ன வயது? சித்தூர், திருப்பதிக் கடைகளில் வயது கேட்கும் வழக்கம் வேர்விடாத வரலாறு

திருமலைக்கு வரும் முதியவர்கள், 65 வயது நிறைந்தவர்களுக்கான தரிசனத்துக்குச் செல்ல அடையாள அட்டையை எடுத்துக் காட்டுகிறார்கள். ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தையோடு வரும் பெற்றோர் குழந்தையின் பிறப்புச் சான்றிதழைக் கையோடு கொண்டுவருகிறார்கள். 300 ரூபாய் சிறப்பு நுழைவுத் தரிசனத்துக்கும் தங்கும் அறைக்கும் அடையாளச் சான்று வேண்டும். 2024 ஆகஸ்டு இறுதியிலிருந்து, தரிசனச் சீட்டு இல்லாமல் லட்டு மட்டும் வாங்க வருபவரும் ஆதாரைக் காட்டியாக வேண்டும். கேட்பவருக்கு அதில் தயக்கம் இல்லை. காட்டுபவருக்கும் அது பழகிவிட்டது. ஆனால் அதே மலையின் அடிவாரத்து ஊரில், பதினைந்து வயதுப் பையன் ஒருவன் பெட்டிக்கடையில் ஒற்றை சிகரெட் கேட்டால், அவன் வயதை யாரும் விசாரிப்பது அரிது. அடையாளம் காட்டிப் பழகிய ஊரில், சட்டமே வயது வரம்பு விதித்திருக்கும் கடையில் மட்டும் அந்தக் கேள்வி ஏன் எழவில்லை என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள். ஆவணம் இல்லாததோ மக்கள் ஒத்துழைக்காததோ இதற்குக் காரணம் அல்ல. போதைதரும் பொருள்களைப் பற்றி இந்த மண்ணில் அரசு திரும்பத் திரும்பக் கேட்டவை மூன்று கேள்விகள்: விற்கலாமா கூடாதா, யார் விற்கலாம், எங்கே விற்கலாம். நான்காவதாகிய ‘யாருக்கு விற்கலாம்’ என்பதைச் சட்டப் புத்தகத்தில் எழுதிவிட்டு, அதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பைக் கல்லாவில் நிற்கும் மனிதரின் தலையில் இறக்கிவைத்துவிட்டது.

கண்ணளவில் வயது

வயது பார்த்து விற்பது என்ற கருத்து சட்டத்துக்குள் நுழைந்தபோது அட்டையும் இல்லை, சான்றும் இல்லை. இங்கிலாந்தில் 1901இல் வந்த சட்டம் பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் மது விற்பதைத் தடுத்தது. ஆனால் தக்கை அடைத்து முத்திரையிட்ட பாத்திரத்தில் கொடுத்தனுப்ப அது இடம் தந்தது. வீட்டுப் பெரியவருக்காக வாங்கிவரும் பிள்ளையை அச்சட்டம் தெரிந்தே அனுமதித்தது. 1908ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், பார்வைக்குப் பதினாறு வயதுக்குக் குறைந்தவராகத் தோன்றுபவருக்கு சிகரெட் விற்கக் கூடாது என்றது. ‘பார்வைக்கு’ என்ற சொல்லில்தான் அந்தக் காலத்து முறை முழுவதும் அடங்கியிருக்கிறது. கடைக்காரரின் கண்ணே அளவுகோல். 1919இல் வங்காள மாகாணம் சிறுவர் புகைபிடித்தலைத் தடுக்கச் சட்டம் இயற்றியபோதும் இதே வழியில்தான் சென்றது. 1911இல் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டப் பகுதிகளைச் சேர்த்து உருவாக்கப்பட்ட சித்தூர் மாவட்டத்தில் அன்று பெரும்பாலோருக்குப் பிறந்த தேதி என்பது திருவிழாவையோ பஞ்சத்தையோ வைத்துச் சொல்லும் நினைவுதான். பிறப்பு இறப்புப் பதிவு நாடு முழுவதற்குமான கட்டாயச் சட்டமானது 1969இல். அதற்கு முன் பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் எழுதிக்கொண்ட தேதியே பலருக்கும் வாழ்நாள் முழுவதுக்குமான வயதாயிற்று. அப்படிப்பட்ட காலத்தில் கடைக்காரர் கண்ணால் மதிப்பிட்டதைக் குறை சொல்ல முடியாது. காலம் மாறியபின்னும் சட்டம் அந்தக் கண்ணையே நம்பிக்கொண்டிருப்பதுதான் குறை.

மதுவிலக்கு வகுத்த பாதை

இந்த வட்டாரத்தின் வரலாற்றில் மதுவிலக்குக்குத் தனி இடம் உண்டு. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜியின் சென்னை மாகாண அரசு சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே, 1938 அக்டோபரில், அது சித்தூருக்கும் கடப்பைக்கும் வந்தது. நாட்டிலேயே முதலில் மதுக்கடைகளை மூடிப் பார்த்த மாவட்டங்களில் சித்தூரும் ஒன்று. கலால் வருமானம் போனதை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி வந்தது. சாராயக்கடையை மூடிய அரசு மளிகைக்கடையின் கணக்குப் புத்தகத்துக்குள் அதன்வழி நுழைந்தது. போர்க்காலத்தில் தளர்ந்த மதுவிலக்கு, விடுதலைக்குப்பின் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948இல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1953இல் சித்தூர் ஆந்திர மாநிலத்தோடு சென்றது. அடுத்த ஆண்டே அம்மாநில முதல்வர் பிரகாசத்தின் அரசு மதுவிலக்கு விவகாரத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் கவிழ்ந்தது. ஓர் அரசையே கவிழ்க்கும் அளவுக்கு மது அரசியலின் நடுவில் இருந்தது. ஆனால் கேள்வி என்றும் ஒன்றுதான்: கடை திறந்திருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா? முழுத் தடை இருக்கும் இடத்தில் வாங்குபவரின் வயதுக்குப் பொருளில்லை. ஒரு தலைமுறைக்காலம் அந்தக் கேள்வியைக் கேட்கும் தேவையே இல்லாமல் போயிற்று.

1968இல் ஆந்திரப் பிரதேசக் கலால் சட்டம் வந்து உரிமக் கடைகள் திரும்பியபோதும் அதே சிந்தனைதான் தொடர்ந்தது. 1992இல் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில் பெண்கள் தொடங்கிய சாராய எதிர்ப்பு, 1993 அக்டோபரில் மாநிலம் முழுவதும் சாராயத் தடையாயிற்று. 1995 ஜனவரியில் என்.டி.ராமராவ் முழு மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1997இல் சந்திரபாபு நாயுடு அரசு அதைத் தளர்த்தியது. 2019 அக்டோபரில் ஜெகன்மோகன் ரெட்டி அரசு சில்லறை விற்பனையைத் தானே ஏற்றது. 4,380 கடைகள் 3,500 ஆயின. நேரம் காலை 11 முதல் இரவு 8 வரை சுருங்கியது. 2020 மே மாதத்தில் இரண்டே நாளில் விலை 75 சதவீதம் ஏறியது. 2024 அக்டோபரில் மீண்டும் தனியாருக்குக் குலுக்கலில் 3,396 கடைகள், காலை 10 முதல் இரவு 10 வரை நேரம், 99 ரூபாய்க்குக் குவார்ட்டர். இந்த இரண்டு கொள்கைகளிலும் முன்னால் நின்றவை கடை எண்ணிக்கை, நேரம், விலை, உரிமை ஆகியவையே. ஆந்திராவில் மது வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்ற விதி இவ்வளவு மாற்றத்திலும் அப்படியே இருந்தது. அதைக் கடைப்பிடிக்கும் முறையும் வளராமல் அப்படியே இருந்தது. 2019 முதல் 2024 வரை இதற்குக் கிடைத்தது அரிய வாய்ப்பு. விற்றவர் அரசு நிறுவனத்தின் சம்பளக்காரர். ஒரு பாட்டில் கூடுதலாக விற்றால் அவருக்கு லாபம் இல்லை. வயது கேட்கும் பழக்கத்தை ஊன்ற அதைவிட ஏற்ற காலம் வேறில்லை. அந்த ஐந்தாண்டு வீணாயிற்று.

‘கேட்கலாம்’ என்ற சொல்

புகையிலையில் வயது வரம்பைத் தேசம் முழுவதற்கும் ஒன்றாக்கியது 2003ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் புகையிலைப் பொருள்கள் சட்டம். அதன் 6ஆம் பிரிவு பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்பதையும், கல்வி நிலையத்தைச் சுற்றி நூறு கெஜத்துக்குள் விற்பதையும் தடுக்கிறது. 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட அறிவிப்புப் பலகையைக் கடையில் வைக்கச் சொன்னது 2004ஆம் ஆண்டு விதி. வாங்கியவர் சிறுவர் அல்லர் என்று மெய்ப்பிக்கும் சுமை விற்றவருடையது என்றும், ஐயம் எழுந்தால் அவர் வயதுச் சான்று கேட்கலாம் என்றும் விதிகள் கூறுகின்றன. இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துப் படித்தால் சிக்கல் விளங்கும். பொறுப்பு கட்டாயம்; கேட்பது விருப்பம். கேட்டே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லியிருந்தால், “சட்டம் கேட்கச் சொல்கிறது தம்பி” என்று கடைக்காரர் சட்டத்தின் பின்னால் நின்றுகொள்ளலாம். ‘கேட்கலாம்’ என்று விட்டதால், கேட்பது அவருடைய சொந்தச் சந்தேகமாகவும், கேட்கப்பட்டவருக்கு அவமானமாகவும் ஆகிவிடுகிறது.

ஒரு பெட்டிக்கடையை அருகில் நின்று பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். முன்பக்கம் முழுக்க ஷாம்பு, பாக்குப் பொட்டலச் சரங்கள் தொங்குகின்றன. எச்சரிக்கைப் பலகை இருந்தாலும் அவற்றின் பின்னால் மறைந்துபோகிறது. ஓரத்தில் பீடி பற்றவைக்கும் லைட்டர் நூலில் கட்டிக் கிடக்கிறது. சிகரெட் பாக்கெட்டாக விற்பதைவிட ஒற்றையாக விற்பதே அதிகம். பில் இல்லை, கை நீண்டால் சில்லறை வருகிறது, சிகரெட் போகிறது. இந்த விற்பனை முடிய ஐந்து நொடி போதும். வந்திருப்பவன் யார் வீட்டுப் பிள்ளை என்பதும் கடைக்காரருக்குத் தெரியும். “அப்பா வாங்கிட்டு வரச் சொன்னாரு” என்று அவன் சொன்னால், அந்த அப்பாவும் அவருடைய வாடிக்கையாளர்தான். 1901ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டம் அனுமதித்த அந்தத் தூதுவப் பிள்ளை இன்றும் நம் தெருவில் நடந்துகொண்டிருக்கிறான். இன்றைய சட்டத்தில் அவனுக்கு விலக்கு இல்லை. யாருக்காக வாங்கினாலும் பதினெட்டுக்குக் கீழ் இருப்பவன் கையில் கொடுப்பது குற்றம்.

குற்றத்துக்கான தண்டனையிலும் சமநிலை இல்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் சிறுவருக்கு விற்றதற்கு அபராதம் 200 ரூபாய் வரை. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவில், குழந்தைக்கு மதுவோ புகையிலைப் பொருளோ கொடுத்தால் ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும். ஒரே செயலுக்கு ஒருபுறம் ஒரு நாள் வியாபாரத்தில் மறந்துபோகும் தொகை. மறுபுறம் ஒரு குடும்பத்தையே அழிக்கும் சிறை. முதலாவதற்கு யாரும் அஞ்சமாட்டார்கள். இரண்டாவதை ஒற்றை சிகரெட்டுக்காக ஓர் ஏழைக் கடைக்காரர்மேல் ஏவ எந்த அதிகாரிக்கும் மனம் வராது. நடுவே இருக்க வேண்டிய, உரிமத்தைச் சில நாள் நிறுத்திவைப்பது போன்ற அளவான தண்டனை இல்லாததால் சட்டம் இரு முனையிலும் பல் இழந்து நிற்கிறது.

இதன் விளைவை 13 முதல் 15 வயது மாணவர்களிடம் நடத்தப்பட்ட 2019ஆம் ஆண்டு உலக இளையோர் புகையிலை ஆய்வு எடுத்துக்காட்டியது. நாட்டில் அந்த வயதினரில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்தினார்கள். சிகரெட் பிடித்தவர்களில் 69 சதவீதம் பேரும் பீடி பிடித்தவர்களில் 78 சதவீதம் பேரும் அதைக் கடையிலோ தெரு வியாபாரியிடமோ வாங்கியவர்கள். திருடியோ மறைவாகவோ பெறவில்லை. காசு கொடுத்து, கடையில் வாங்கினார்கள்.

மறுப்புகளும் விடையும்

கடைக்காரருக்கு எல்லோரையும் தெரியும், அட்டை எதற்கு என்பது முதல் மறுப்பு. திருப்பதி அப்படிப்பட்ட ஊர் அன்று. நாள்தோறும் பல்லாயிரம் வெளியூரார் வந்துபோகும் ஊரில் கடைமுன் நிற்பவர்களில் பெரும்பாலோர் அறிமுகமற்றவர்கள். தெரிந்த பிள்ளையாக இருந்தாலோ, மறுக்கும் கடமை இன்னும் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. இரண்டாவது மறுப்பு கனமானது: ஒவ்வொரு கடையிலும் ஆதார் கேட்டால் மனிதரின் அந்தரங்கம் என்னாவது? 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தனியார் நிறுவனங்கள் ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரியானதே. கடைக்காரருக்குப் பெயரோ எண்ணோ முகவரியோ வேண்டாம். பிறந்த ஆண்டு ஒன்று போதும். ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ கையில் காட்டப்பட்டு, எங்கும் எழுதப்படாமல், படமெடுக்கப்படாமல் திரும்பவேண்டும். பார்ப்பது வேறு, பதிவுசெய்வது வேறு என்ற வரையறையை விதியிலேயே எழுதலாம்.

பெரியவர் யாரையாவது வாங்கித்தரச் சொல்வார்கள், ஆகவே பயனில்லை என்பது மூன்றாவது மறுப்பு. அமெரிக்க அனுபவம் இதற்கு விடை தருகிறது. 1992இல் அங்கு வந்த சைனார் திருத்தம், சிறுவர்களைக் கடைக்கு அனுப்பிச் சோதிக்கும்படி மாநிலங்களைக் கட்டாயப்படுத்தியது. சோதனையில் சிறுவருக்கு விற்ற கடைகள் 1997இல் சுமார் 40 சதவீதம். பதினைந்து ஆண்டுகளில் அது பத்துக்குக் கீழே இறங்கியது. காசாளர்களின் கையை மாற்றியது அந்தச் சோதனை. இன்று முப்பது வயதுக்குக் குறைந்தவராகத் தோன்றும் எவரிடமும் புகைப்பட அட்டை பார்க்க வேண்டும் என்பது அங்கு கூட்டாட்சி விதி. அட்டை கேட்கும் வரம்பு சட்ட வயதைவிட உயர்வாக இருப்பதில் நுட்பம் உண்டு: ‘நீ சிறுவனா’ என்ற சந்தேகம் மறைந்து, எல்லா இளைஞருக்கும் பொதுவான நடைமுறையாகிவிடுகிறது.

கடைசி மறுப்பு, திருமலையைக் காட்டி முழுத் தடையே வழி என்பது. மலைமேல் மதுவும் புகையிலையும் இல்லை. மலையடிவாரத்து அலிபிரியில் வண்டியும் பையும் சோதிக்கப்படுகின்றன. ஆனால் மலைக்குச் செல்லும் வழிகள் ஒரு சில. ஊருக்கு அப்படி வாசல் கிடையாது. 1995 முதல் 1997 வரையிலான மதுவிலக்கே அதை உணர்த்திவிட்டது. மேலும் சித்தூர் மூன்று மாநிலங்கள் சந்திக்கும் மாவட்டம். கர்நாடகம் 2025இல் புகையிலை வாங்கும் வயதை 21 ஆக்கிவிட்டது. பலமனேரில் பதினெட்டு வயதில் வாங்கக்கூடியதை எல்லை தாண்டி முல்பாகலில் வாங்க முடியாது. சிகரெட் எல்லையில் நிற்பதில்லை. ஆகவே காவல் நிற்க வேண்டிய இடம் கல்லாதான்.

வரலாறு தரும் முடிவு தெளிவானது. ‘கேட்கலாம்’ என்பதைக் ‘கேட்க வேண்டும்’ என்று மாற்றுவது, தண்டனையை அளவாக்கிக் கூலிக்கு நிற்பவரைவிட உரிமம் பெற்றவர்மேல் வைப்பது, ஆண்டுதோறும் கடைகளைச் சோதித்து முடிவை வெளியிடுவது ஆகிய மூன்றும் எந்தப் புதிய தொழில்நுட்பமும் இல்லாமல் நாளையே தொடங்கக்கூடியவை. ஒரு லட்டுக்கு அட்டை கேட்கத் தெரிந்த ஊருக்கு ஒரு சிகரெட்டுக்கு அட்டை கேட்கத் தெரியாமல் போகாது. சட்டம் துணைநிற்கும் நாள்வரை காத்திராமல், சித்தூரிலும் திருப்பதியிலும் கடை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அந்த ஒரு கேள்வியை இன்றே கேட்கத் தொடங்கவேண்டும். பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பும் அப்பாக்கள் அந்தப் பழக்கத்தை இன்றோடு விடவேண்டும்.