இரண்டு அங்குலத் தண்ணீர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், இங்கிலாந்தில் ஒரு வீட்டின் கழிவுக்குழாய்களைச் சோதிக்க இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் மேலே ஏறி, குழாயின் உச்சியில் கொஞ்சம் பெப்பர்மின்ட் எண்ணெயை ஊற்றுவார். பின்னாலேயே ஒரு வாளி சுடுதண்ணீர். குழாயின் வாயை அடைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்வார். சோதனை முடியும்வரை அவர் வீட்டுக்குள் வரக் கூடாது. கையிலும் உடுப்பிலும் ஒட்டிய மணம் கூடவே வந்தால் எல்லாம் கெட்டது. மற்றவர் கீழே அறை அறையாக மோந்துகொண்டே போவார். எங்கே பெப்பர்மின்ட் மணக்கிறதோ, அங்கே குழாயில் விரிசல் இருக்கும், அல்லது டிராப் எனப்படும் குழாய் வளைவில் தண்ணீர் இருக்காது. பின்னர் புகைச் சோதனை பரவியது. குழாய்க்குள் புகையை அழுத்தி ஏற்றினால் ஓட்டை கண்ணுக்கே தெரிந்துவிடும்.

நாற்றமே இருக்கும்போது இன்னொரு மணம் எதற்கு? சாக்கடை நாற்றம் விட்டு விட்டு வருவது. காலையில் குடலைப் புரட்டும், பிளம்பர் வந்து நிற்கும்போது காணாமல் போகும். அதோடு மூக்கும் சீக்கிரம் பழகிவிடும். அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு மிகும்போது மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்கிறது. வீட்டுக் குளியலறையில் அது அந்த அளவுக்குச் சேர்வதில்லை. ஆனால் செப்டிக் டேங்கிலும் பாதாளச் சாக்கடையிலும் இறக்கிவிடப்படும் மனிதர்களை இன்றும் கொல்வதில் இந்த வாயுவுக்குப் பெரும் பங்கு உண்டு. கடைசி நொடியில் மூக்குகூட அவர்களை எச்சரிப்பதில்லை.

வீட்டுக்குள் சாக்கடைக் காற்று வராமல் தடுப்பது குழாயின் வளைவில் நிற்கும் கொஞ்சம் தண்ணீர்தான். லண்டன் பாண்ட் தெருவில் கடிகாரம் செய்துவந்த ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் கம்மிங், 1775இல் ஒரு கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார். கோப்பைக்கு அடியில் குழாயை வளைத்து, ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றியபின்னும் அந்த வளைவில் கொஞ்சம் தங்கும்படி செய்தார். கழிவு போகும், காற்று திரும்பாது. வாஷ்பேசினுக்கு அடியில் தெரியும் வளைவும், குளியலறைத் தரையில் நம் பிளம்பர்கள் பதிக்கும் நானி டிராப்பும் செய்வது அதே வேலைதான். வளைவில் தங்கும் தண்ணீரின் ஆழம் பல இடங்களில் இரண்டு அங்குலம், அதாவது 50 மில்லிமீட்டர்.

கம்மிங் காலத்து லண்டனில் வீட்டுக்கு ஒரு மலக்குழி இருந்தது. அடுத்த நூற்றாண்டின் நடுவில் வீடுகள் தெருச் சாக்கடையோடு இணைக்கப்பட்டன. கழிவெல்லாம் தேம்ஸ் நதிக்குப் போனது. 1858 கோடையில் நதி நாறியபோது, நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். ஜோசப் பேசல்ஜெட் கட்டிய பெருஞ்சாக்கடைகள் அதற்குப் பிறகு வந்தவை. நதிக்கு விடிவு பிறந்தது. வீடுகளுக்கோ புதிய சங்கடம்: முன்பு சொந்தக் குழியின் காற்று மட்டும் உள்ளே வந்தது, இப்போது ஊர்ச் சாக்கடையின் காற்று முழுவதற்கும் வழி திறந்திருந்தது.

1871இன் பிற்பகுதியில் பட்டத்து இளவரசர் எட்வர்ட், ஸ்கார்பரோவில் லாண்டஸ்பரோ லாட்ஜ் என்ற மாளிகையில் தங்கிவிட்டு வந்து டைபாய்டில் விழுந்தார். அவர் பிழைத்துக்கொண்டார். அதே மாளிகையில் தங்கியிருந்த செஸ்டர்ஃபீல்டு பிரபுவும் இளவரசரின் குதிரைக்காரரும் இறந்துபோனார்கள். பழி மாளிகையின் சாக்கடை வாயுமேல் விழுந்தது. அதன்பின் வசதியான வீடுகளைப் பிடித்த பயம் லேசில் விடவில்லை. 1878இல் எடின்பரோவில் பொறியியல் பேராசிரியர் ஃப்ளீமிங் ஜென்கின் ஒரு சங்கமே தொடங்கினார். சந்தா கட்டியவர்களின் வீட்டுச் சாக்கடையைப் பொறியாளர் வந்து பார்ப்பார்.

அதே காலத்தில் லீட்ஸ் நகரத்து அறுவை மருத்துவர் பிரிட்ஜின் டீல், வீட்டுக் குழாய்களின் கோளாறுகளைப் படம் படமாக வரைந்து ஒரு நூல் வெளியிட்டார். எலி கடித்துத் துளைத்த ஈயக்குழாய், ஒழுங்காகப் பூசாத இணைப்பு, குடிதண்ணீர்த் தொட்டியின் வழிகுழாயை நேரே சாக்கடையில் செருகிய கொடுமை என்று சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் ஒளிந்திருந்ததையெல்லாம் வீட்டுக்காரர்களின் கண்முன் வைத்தது அந்த நூல். குளிர் காயக் கரி எரித்த வீடுகளில் இன்னொரு சிக்கலும் இருந்தது. சூடான காற்று புகைபோக்கி வழியே மேலேற, அந்த இடத்தை நிரப்ப எங்கிருந்தாவது காற்று வந்தாக வேண்டும். சன்னல்கள் சாத்தியிருந்தால் அது சாக்கடையிலிருந்து வந்தது.

லண்டன் பிளம்பர் ஸ்டீவன்ஸ் ஹெல்யர் 1877இல் எழுதிய நூலும் அதன்பின் நடத்திய சோதனைகளும் டிராப்பைப் பற்றியவை. அன்று பரவலாக இருந்த பெல் டிராப்பில், மணி வடிவ மூடிதான் தண்ணீரோடு சேர்ந்து காற்றைத் தடுத்தது. அடைப்பு எடுக்க மூடியைக் கழற்றினால் தடுப்பும் கூடவே போனது. இன்னொரு கோளாறு கண்ணில் படாதது. மேல்மாடியிலிருந்து தண்ணீர் விசையாக இறங்கும்போது, அதன் பின்னால் உண்டாகும் இழுப்பு கீழ்மாடி டிராப்பில் நிற்கும் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். மேலே ஃபிளஷ் செய்தால் கீழே தரைத் துளையில் களக் களக் என்று சத்தம் கேட்கும் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான். குழாய்க்குத் தனியாகக் காற்று கொடுக்கும் வென்ட் பைப்பே இதற்கு மருந்து. நம் வீடுகளின் பின்சுவரில் மொட்டை மாடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் அதுவே. மழைத்தண்ணீர் இறங்குகிறதென்று அதை மூடிவைப்பவர்கள் நாற்றத்தை வீட்டுக்குள் அழைக்கிறார்கள்.

1880இல் டைபாய்டுக் கிருமி கண்டறியப்பட்டது. அது பரவுவது பெரும்பாலும் அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் என்பது நிலைபெற்றதும், சாக்கடை வாயுவின் மேலிருந்த பயம் மெல்ல வடிந்தது. சாக்கடை வாயுவே நோய் தரும் என்ற கொள்கை தவறாக இருந்தாலும் அந்தப் பயம் போட வைத்த குழாய்கள் சரியானவை. வருத்தம் என்னவென்றால், பயம் போனபோது கவனமும் சேர்ந்தே போனது.

2003 மார்ச்சில் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் சார்ஸ் பரவி, ஏப்ரல் நடுவுக்குள் 321 பேர் நோயில் விழுந்தார்கள். வயிற்றுப்போக்கோடு இருந்த நோயாளி ஒருவர் ஈ பிளாக்கில் வந்து தங்கிய பிறகு தொடங்கியது அது. 33 மாடிக் கட்டடங்கள் அவை. குளியலறைத் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துடைத்தே பழகியதால் பல வீடுகளில் தரை டிராப் காய்ந்து கிடந்ததை அரசின் விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. கதவைச் சாத்தி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால், பொதுக்குழாயின் காற்று நுண்துளிகளோடு அந்தத் துளை வழியே மேலே வந்திருக்கிறது. கரி எரித்த அடுப்பு அன்று இங்கிலாந்து வீடுகளில் செய்ததை இங்கே ஒரு சிறு மின்விசிறி செய்தது.

வாரம் ஒருமுறை ஒவ்வொரு துளையிலும் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றும்படி ஹாங்காங் அதிகாரிகள் மக்களுக்குச் சொன்னார்கள். கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்த் திரும்புபவர்களும், விருந்தாளிக்கென்று ஒரு குளியலறையை ஒதுக்கி வைத்திருப்பவர்களும் முதலில் செய்து பார்க்க வேண்டியது இதைத்தான். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியதும் நாற்றம் அடங்கினால் டிராப் காய்ந்திருக்கிறது. மேலே சில சொட்டு எண்ணெய் விட்டால் தண்ணீர் மெதுவாகவே ஆவியாகும். நாற்றம் அடங்காவிட்டால் கழிப்பறைக் கோப்பையின் அடி இணைப்பு, வென்ட் பைப் என்று தேட வேண்டும்.

ஹாங்காங்கின் பொறியாளர்கள் ஆட்களின் ஞாபகத்தை மட்டும் நம்பவில்லை. வாஷ்பேசின் தண்ணீர் தரை டிராப் வழியாகவே போகும்படியான அமைப்பும் புதிய கட்டடங்களில் வந்தது. ஒருவர் கை கழுவினால் டிராப் நிறையும். நம் ஊரிலும் பேசின் குழாயைத் தரை டிராப்பில் சேர்த்துவிடும் பிளம்பர்கள் உண்டு; பேசினைப் புழங்கும்வரை அந்த டிராப் காய்வதில்லை. காய்வது பால்கனி மூலையில் தனித்துக் கிடக்கும் துளைதான்.