பொதுக் கணக்குக் குழு: பம்பாய் காட்டிய வழி

உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குறிப்பிடாத நம் மேடைகள் குறைவு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட அந்தச் சாசனங்களில் குடவோலை முறையைத்தான் எல்லோரும் சிலாகிக்கிறோம். அவற்றில் இன்னொரு விதியும் உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது. சீட்டு எடுப்பதும் மகாசபை கூடியிருக்க, எல்லோரும் பார்க்கக் குடத்தைத் தூக்கிக் காட்டிய பிறகுதான். கணக்கு வேண்டும், காரியம் ஊரறிய நடக்க வேண்டும். இவ்விரண்டும் அந்தச் சதுர்வேதிமங்கலத்தாரின் சித்தாந்தம்.

நம் பாராளுமன்றம் முதலாவதை ஓரளவு செய்கிறது. இரண்டாவதை இன்னும் செய்யவில்லை. அதைப் பற்றியே இக்கட்டுரை.

பிரிட்டனில் கிளாட்ஸ்டன் நிதி மந்திரியாக இருந்தபோது, 1861-ல், பொதுக் கணக்குக் குழு ஏற்பட்டது. மாண்டேகு-செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தத்தை ஒட்டி 1921-ல் அது நம் நாட்டுக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால், செலவு செய்யும் சர்க்காரின் நிதி மெம்பரே இங்கு அதற்குத் தலைவர்! 1950-ல்தான் குழு சபாநாயகரின் அதிகாரத்தின் கீழ் வந்தது. அதே ஆண்டில் மதிப்பீட்டுக் குழுவும் தோன்றியது. அதன் முதல் தலைவர் அனந்தசயனம் அய்யங்கார். எதிர்க்கட்சிக்காரரே பொதுக் கணக்குக் குழுவுக்குத் தலைமை வகிக்க வேண்டும் என்ற நல்ல மரபு 1967-ல் பிறந்தது. முதலில் அமர்ந்தவர் ராஜாஜியின் சுதந்திரா கட்சியைச் சேர்ந்த மினு மசானி. அவர் முன்னாள் பம்பாய் மேயர் என்பதில் நம் ஊருக்கும் பெருமை. 1971 முதல் 1973 வரை தி.மு.க.வின் இரா. செழியன் தலைவராக இருந்தார்.

குழுவில் மக்களவையிலிருந்து 15 பேரும் மாநிலங்களவையிலிருந்து 7 பேரும். மந்திரிகளுக்கு இடமில்லை. பதவிக்காலம் ஒரே ஆண்டு. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகளில் சில பாராக்களை மட்டும் எடுத்துக்கொண்டு, துறைச் செயலாளரை அழைத்து விசாரித்து, அறிக்கை தருகிறார்கள். மற்ற பாராக்களுக்கு எழுத்து மூலமான பதிலோடு சரி.

சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு 'ஆடிட் பாரா' என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. நான் பணிபுரிந்த துறையிலும் பார்த்திருக்கிறேன். விசாரணை வரும்போது முடிவெடுத்த அதிகாரி மாற்றலாகியிருப்பார் அல்லது ஓய்வு பெற்றிருப்பார். வந்து பதில் சொல்பவருக்கு அந்தக் கோப்பே புதிது. அவரைக் கேள்வி கேட்கும் அங்கத்தினரும் அடுத்த ஆண்டு குழுவில் இருப்பார் என்பது நிச்சயமில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு விசாரணையை பம்பாய் பார்த்திருக்கிறது. 1956 செப்டம்பரில் எல்.ஐ.சி. தொடங்கியது. 1957 ஜூனில், ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளின் பங்குகளை, சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு, தன் முதலீட்டுக் குழுவைக் கேட்காமலே அது வாங்கியது. டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி மக்களவையில் கேள்வி எழுப்பினார். ஆளுங்கட்சி அங்கத்தினர், பிரதமரின் மாப்பிள்ளை வேறு. சர்க்கார் பம்பாய் ஹைகோர்ட் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவை நியமித்தது. அவர் பொதுஜனங்கள் முன்னிலையில் விசாரித்தார். கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி வைக்க வேண்டியதாயிற்று. நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நிதிச் செயலாளர் எச்.எம். படேல், ரிசர்வ் வங்கி கவர்னர் எச்.வி.ஆர். அய்யங்கார் ஆகியோர் சாட்சி சொன்னார்கள். சுமார் ஒரு மாதத்தில் அறிக்கை தயார். செயலாளரின் செய்கைக்கு மந்திரியே பொறுப்பு என்றார் சாக்ளா. பங்கு வாங்கிய எட்டாம் மாதம், 1958 பிப்ரவரியில், டி.டி.கே. ராஜினாமா செய்தார்.

மாதுங்காவில் நம் பெரியவர்களுக்கு இது மனவருத்தம் தந்த விஷயம். சம்பந்தப்பட்டவர்களில் நம்மவர்கள் இருந்தார்கள். பாலிசிப் பணம் போட்டவர்களிலும் நம்மவர்கள் இருந்தார்கள். ஆனால் திறந்த விசாரணை யாரையும் அழித்துவிடவில்லை. டி.டி.கே. 1963-ல் மறுபடி நிதி மந்திரியானார். படேலும் 1977-ல் அதே பதவிக்கு வந்தார். பொதுத்துறையைத் தனியாகக் கவனிக்க ஒரு குழு வேண்டும் என்ற எண்ணமும் வலுப்பட்டு, 1964-ல் பொதுத்துறை நிறுவனங்கள் குழு அமைந்தது. நம் செம்பூர் அன்பர்கள் பலர் உழைத்து ஓய்வு பெற்ற எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் அதன் வரம்புக்குள் வருபவையே.

ஆனால் அந்தத் திறந்த கதவு மட்டும் குழுக்களுக்கு வரவில்லை. மக்களவை விதி 266-ன்படி குழுக்களின் கூட்டங்கள் ரகசியமாகவே நடக்கின்றன. மூடிய அறையில்தான் கட்சி பேதம் மறையும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். அதில் உண்மை இல்லாமலில்லை. பல அறிக்கைகள் ஏகமனதாக வந்திருக்கின்றன. ஆனால் 2011 ஏப்ரலில் 2ஜி விவகாரத்தில் என்ன நடந்தது? முரளி மனோகர் ஜோஷி தயாரித்த வரைவு கூட்டத்துக்கு முன்பே பத்திரிகைகளில் வந்துவிட்டது. குழுவும் கட்சிவாரியாகப் பிளந்து போயிற்று. கதவை மூடியதால் ரகசியமும் நிற்கவில்லை, ஒற்றுமையும் நிற்கவில்லை.

பிரிட்டனில் இதே குழு பகிரங்கமாக விசாரிக்கிறது. 2012 நவம்பரில் ஸ்டார்பக்ஸ், கூகுள், அமேசான் கம்பெனிகளின் வரி விவகாரத்தை அப்படி விசாரித்தது. அடுத்த மாதமே ஸ்டார்பக்ஸ் இரண்டு ஆண்டுகளுக்குச் சேர்த்து 2 கோடி பவுண்டு வரை கட்டுவதாக முன்வந்தது. குழுவுக்கு வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்ததே போதுமானதாக இருந்தது.

நான் விஞ்ஞானம் படித்தவன். பரிசோதனையைப் பிறர் பார்க்கச் செய்து காட்டினால்தான் முடிவுக்கு மதிப்பு என்று கற்பித்தார்கள். சர்க்கார் செலவுக்கும் இது பொருந்தும். ராணுவம், அணுசக்தி போன்றவற்றுக்கு மூடிய கூட்டம் இருக்கட்டும். சாலை, ரயில், மருந்து, பள்ளிக்கூடம் சம்பந்தப்பட்ட சாட்சியங்களைத் திறந்த கூட்டத்தில் கேட்கலாம். அறிக்கையை விவாதித்து எழுதுவதை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ளலாம். அங்கத்தினரின் பதவிக்காலத்தையும் மக்களவையின் ஆயுளோடு இணைக்கலாம். இவற்றுக்கு அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை, சபையின் விதிகளை மாற்றினால் போதும்.

2021 டிசம்பரில் பொதுக் கணக்குக் குழுவின் நூற்றாண்டு விழா பாராளுமன்ற மைய மண்டபத்தில் நடந்தது. அது இரண்டாம் நூற்றாண்டில் கதவைத் திறக்குமா என்பது நம்மையும் பொறுத்தது. நம் சங்கத்தில் கணக்கும் தணிக்கையும் அறிந்த ஓய்வு பெற்றவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். தணிக்கை அறிக்கைகளும் குழு அறிக்கைகளும் இன்று இன்டர்நெட்டில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றையாவது படித்து, தம் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதினால் அதுவும் தேச சேவைதான்.