இடம் கொடுத்தவன்

எழுத்துத் திருட்டு என்றதும் நமக்குத் திருடியவன் மீதுதான் கோபம் வருகிறது. சட்டத்தின் சரித்திரமோ பெரும்பாலும் வேறொருவனைத் தேடிப் போயிருக்கிறது: திருட்டுக்கு இடம் கொடுத்தவனை. திருடியவன் ஓடிவிடுவான். அச்சு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

1867-ன் அச்சக, புத்தகப் பதிவுச் சட்டம், ஒவ்வொரு பிரதியிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சான ஊரும் இருக்க வேண்டும் என்றது. எழுத்தாளன் மீது கரிசனம் ஒன்றும் இல்லை. எங்கே என்ன அச்சாகிறது என்று சர்க்காருக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஆனால் கண்காணிப்புக்காகப் போட்ட அந்த வரி நமக்கும் பயன்பட்டது. உங்கள் கதையை எவனாவது தன் பெயரில் போட்டால் எந்தக் கதவைத் தட்டுவது என்பது அந்தப் புத்தகத்திலேயே இருந்தது. 2024 மார்ச்சில்தான் அந்தச் சட்டத்துக்குப் பதில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

1957-ன் காப்புரிமைச் சட்டம் 51-ம் பிரிவில் இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்லியது. லாபத்துக்காக ஓர் 'இடத்தை' உரிமை மீறலுக்கு விட்டவனும் மீறியவனே, விஷயம் தெரியாமலும் சந்தேகிக்கக் காரணமில்லாமலும் விட்டிருந்தாலொழிய. அன்று இடம் என்றால் நாடகக் கொட்டகை, டூரிங் டாக்கீஸ் கூடாரம். கெங்கவல்லி போன்ற ஊரில் கூடாரத்துக்கு நிலம் விட்டவர் யார் என்று கடைத்தெருவில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். 2011-ல் சூப்பர் காஸெட்ஸ், மைஸ்பேஸ் மீது தொடுத்த வழக்கில் டில்லி உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி, இணையவெளியும் இந்த 'இடத்தில்' அடங்கும் என்றார். 2016 டிசம்பரில் மேல்முறையீட்டு பெஞ்ச் அவர் முடிவை மாற்றியது: திருட்டு நடக்கலாம் என்று பொதுவாகத் தெரிந்திருப்பது போதாது, எந்தப் பாட்டு எங்கே கிடக்கிறது என்று குறிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும்.

குறிப்பாகச் சொல்லாமல் கூச்சல் போட்டால் என்ன ஆகும் என்பதை அதற்கு முன்பே சென்னை காட்டியிருந்தது. 2012-ல் '3', 'தம்மு' படங்களுக்காக உயர்நீதிமன்றத்தில் பெயர் தெரியாத எதிரிகள் மீது தடை உத்தரவு வாங்கினார்கள். இணையச் சேவை நிறுவனங்கள் பயந்துபோய் விமியோ, டெய்லிமோஷன் முதலிய தளங்களை முழுசாக அடைத்தன. தன் சொந்தக் குறும்படத்தை அங்கே வைத்திருந்தவனும் வெளியே நின்றான். ஜூனில் நீதிமன்றம் திருத்தியது: படம் கிடக்கும் குறிப்பிட்ட முகவரிக்கு மட்டுமே தடை, அதைப் புகார்தாரர்தான் தெரிவிக்க வேண்டும், தெரிவித்தால் 48 மணி நேரத்தில் அடைக்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்த வழி முன்பே போடப்பட்டாகிவிட்டது. சயன்டாலஜி சபையை விட்டு விலகி அதை விமர்சித்த டென்னிஸ் எர்லிச், ஸ்தாபகரின் எழுத்துக்களை எடுத்து விவாதக் குழுவில் போட்டார். சபை அவர் மீது மட்டுமல்ல, இணைப்புக் கொடுத்த நெட்காம் மீதும் வழக்குப் போட்டது. தகவல் வந்த பிறகும் சும்மா இருந்தால்தான் பொறுப்பு என்கிற மாதிரி 1995-ல் தீர்ப்பாகியது. 1998-ன் சட்டம் அந்த வழியில் போய்ப் புகாருக்கு ஒரு படிவத்தையே வகுத்துவிட்டது. திருட்டுப் புகாரும் வாயை அடைக்கும் ஆசையும் ஒரே படிவத்தில் வரலாம் என்பது அந்த முதல் வழக்கிலேயே தெரிகிறது.

போன வருஷம் நான் அந்தப் படிவத்தை நிரப்பினேன். ஒரு சிற்றிதழில் வந்த என் கட்டுரை, பெயர் பிடுங்கப்பட்டு, விளம்பரங்களுக்கு நடுவே ஒரு தளத்தில் கிடந்தது. தளத்தின் பெயரை விற்றவன் ஒருவன், கணினியில் இடத்தை வாடகைக்கு விட்டவன் இன்னொருவன், நடுவில் நின்று கடத்துகிறவன் மூன்றாமவன். மூவரில் யாருக்கு எழுதுவது என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாள். இத்தகைய புகார்களுக்கு 'அப்யூஸ்' என்ற பெயரில் அஞ்சல்பெட்டி ஒன்று இருக்க வேண்டும் என்று 1997-லேயே வழக்கம் வகுத்திருக்கிறார்கள். அங்கே அனுப்பினேன். படைப்பு எது, அது கிடக்கும் முகவரி எது, நீ சொந்தக்காரனா, பொய்ச் சத்தியத்துக்குத் தண்டனை உண்டு தெரியுமா என்று கேட்கிறது படிவம். எழுதியவன் யார் என்று எங்கும் கேட்கவில்லை.

எனக்கு முக்கியம் அதுதான். பழைய இதழ்களை ஸ்கேன் செய்து போடுகிறவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. அவர்கள் இல்லாவிட்டால் பாதி இதழ்கள் கரையானுக்குப் போயிருக்கும். இங்கே சன்மானமும் இல்லை, பதிப்புரிமைத் தொகையும் இல்லை. ஒரு சிற்றிதழ்க்காரனுக்குச் சொத்து என்று இருப்பது கட்டுரைக்கு மேல் இருக்கும் பெயர் ஒன்றே. நம் சட்டத்தின் 57-ம் பிரிவு இதை ஒப்புக்கொள்கிறது: உரிமையை விற்றுவிட்டாலும் ஆசிரியன் என்று சொல்லிக்கொள்ளும் பாத்தியதை அவனுக்கு உண்டு. அமெரிக்கச் சட்டம் இந்தப் பாத்தியதையை 1990-ல் சித்திரம், சிற்பம் போன்றவற்றுக்குக் கொடுத்தது, எழுத்துக்குக் கொடுக்கவில்லை. அதனால் அந்தப் படிவம் எடுத்துவிடு என்று சொல்லத் தெரிந்தது, பெயரைப் போடு என்று சொல்லத் தெரியாதது.

நான்காம் நாள் பக்கம் மறைந்தது. அடுத்த மாதம் அதே கட்டுரை, அதே அநாமதேயமாக, இந்திய நிறுவனம் ஒன்றின் கணினியில் முளைத்தது. இங்கே 2012-ன் திருத்தமும் 2013-ன் விதிகளும் செல்லும். எழுத்தில் புகார் கொடுத்தால் 36 மணி நேரத்தில் அடைக்க வேண்டும். 21 நாளுக்குள் நான் கோர்ட் உத்தரவு கொண்டுவராவிட்டால் திறந்துவிடலாம். வழக்கை என் ஜில்லாவிலேயே போடலாம் என்கிறது 62-ம் பிரிவு. கெங்கவல்லியிலிருந்து ஆத்தூர் வழியாகச் சேலத்துக்குப் பஸ் உண்டு. வக்கீல் கேட்ட முதல் கேள்வி, கட்டுரைக்கு எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்பது.