ரத்தக்கட்டு: முதல்ல ஐஸ், அப்புறம்தான் உப்பு ஒத்தடம்!

பைக்கை ஸ்டாண்ட் போடும்போது முழங்காலுக்குக் கீழே ஒரு இடி. அப்போ ஒண்ணும் தெரியாது. மறுநாள் குளிக்கப் போகும்போதுதான் அந்த இடம் கன்றிப்போய் கறுநீலமாக இருக்கிறது தெரியும். வீட்டுப் பெரியவங்க பார்த்துட்டா, கல் உப்பை வறுத்துத் துணியில மூட்டை கட்டிடுவாங்க. உப்பளங்கள் நிறைந்த தூத்துக்குடியில கேட்கவே வேண்டாம். வைத்தியத்தைக் குறை சொல்லலை. நேரம்தான் தப்பு.

தோல் கிழியாமல் அடிபட்டா, உள்ளே இருக்கிற நுண்ணிய ரத்தக்குழாய்கள் உடைஞ்சு ரத்தம் கசியும். வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்குவதுதான் ரத்தக்கட்டு. அந்த நேரத்துல சூடு வெச்சா குழாய்கள் விரிஞ்சு, கசிவும் வீக்கமும் கூடும். அதனால முதல் 2 நாள் ஐஸ்தான். நேரா தோல்மேல வைக்காம துணியில சுத்தி, 15 நிமிஷம், ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை. காலில் அடின்னா தலையணை மேல தூக்கி வைங்க. எண்ணெய் போட்டு நீவி விடுறது வேண்டவே வேண்டாம். வீக்கம் அடங்கின பிறகு உப்பு ஒத்தடம் தாராளமா கொடுக்கலாம், இதமா இருக்கும். கொதிக்க வெச்ச புளி, உப்புப் பத்தும் அப்படித்தான். சூடு ஆறினதும் போடுங்க, தோல் கிழிஞ்ச இடத்துல போடாதீங்க.

ரத்தக்கட்டு வர அடிபடணும்னுகூட இல்லை. முத்துக்குளித்தல் இங்கே 1961-ஓட நின்னுபோச்சு. சங்குகுளி இன்னும் நடக்குது. கடலுக்குள்ள 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரண்டு மடங்கு. முகக்கண்ணாடிக்குள்ள இருக்கிற காற்று சுருங்கி, கண்ணைச் சுற்றி உறிஞ்சிப் பிடிக்கும். இமை கன்றி, வெள்ளைவிழி சிவந்துடும். மூக்கு வழியா அந்தக் கண்ணாடிக்குள்ளேயே கொஞ்சம் மூச்சு விட்டா தப்பிக்கலாம். மூக்கை மூடாத நீச்சல் கண்ணாடியில அது முடியாது. அதைப் போட்டுக்கிட்டு ஆழத்துக்கு இறங்காதீங்க. பார்வை மங்கினாலோ, கண் வலிச்சாலோ உடனே கண் டாக்டரிடம் போகணும்.

நாலஞ்சு நாள்ல நிறம் பச்சை, மஞ்சள்னு மாறினா பயப்படாதீங்க. தேங்கின ரத்தத்தை உடம்பே உடைச்சு அப்புறப்படுத்துது. மாநிறத் தோல்ல இந்த நிறமெல்லாம் கூகுள் படத்துல இருக்கிற மாதிரி பளிச்சுன்னு தெரியாது. கரும்பழுப்பாகவே இருந்து மங்கும். சாதாரணமா இரண்டு வாரத்துல போயிடும்.

வலிக்குப் பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரின் ரத்தக்கசிவைக் கூட்டும். ஏற்கெனவே டாக்டர் எழுதிக்கொடுத்து தினமும் சாப்பிடுறவங்க மட்டும் தானா நிறுத்தக் கூடாது, அவரிடம் கேட்கணும். காய்ச்சலோட அடியே படாமல் திட்டுத்திட்டா கன்றினாலோ, ஈறில் ரத்தம் வந்தாலோ டெங்குவாகவும் இருக்கலாம். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யணும். கட்டி இறுகிக்கிட்டே போனாலும், விரல் மரத்துப் போனாலும் ஒத்தடத்தை விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. தலையில் அடிபட்ட பிறகு வாந்தி, மயக்கம், பேச்சுக் குழறல்னா யோசிக்காம 108-க்குப் போன் பண்ணுங்க.