பட்டியலும் பூஜ்யமும்: காரைக்காலின் ஓட்டுக்களை வாசித்தல்

இந்தியக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் காரைக்காலின் எடை எண்பது. கணக்கு எளிதுதான். 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரியின் மக்கள்தொகையை, தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்ற உறுப்பினர்களின் எண்ணிக்கையான முப்பதால் வகுத்து, பிறகு ஆயிரத்தால் வகுத்தால் ஒரு உறுப்பினரின் ஓட்டு மதிப்பு 16 என்று வருகிறது. எல்லை தாண்டிப்போனால் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வுக்கு 176. உத்தரப்பிரதேசத்தவருக்கு 208. காரைக்காலிலிருந்து போகிறவர்கள் ஐந்து பேர். ஐந்து பதினாறு எண்பது. இந்த எண்பதும்கூட 1992இல் நிறைவேறிய எழுபதாவது அரசியல் சட்டத் திருத்தத்தின் பிறகு கிடைத்ததுதான். அதுவரை புதுச்சேரி, தில்லி சட்டமன்றக்காரர்களுக்கு அந்தத் தேர்தலில் இடமே கிடையாது; எம்.பி.க்களின் ஓட்டு மட்டும்தான்.

இன்னொரு குடியரசுத் தலைவர் தேர்தலும் காரைக்காலில் நடக்கிறது. அதில் ஓட்டுப்போடுகிறவர்கள் நேராகவே போடுகிறார்கள். ஆளுக்கு ஒன்று, வகுத்தல் பெருக்கல் எதுவும் இல்லை. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள நம் ஊர்க்காரர்கள் பிரான்சின் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் அது. 2017இலும் 2022இலும் காரைக்காலில் அதற்காக வாக்குச்சாவடி திறந்திருந்தது. இரண்டு வார இடைவெளியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். எங்கள் குரும்பகரம் பக்கத்திலிருந்தும் பஸ் ஏறிப்போய்ப் போட்டுவிட்டு வருகிற வயதான சொல்தா வீட்டுப் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். வேட்பாளருக்கு ஒரு சீட்டு அச்சடித்து வைத்திருப்பார்கள். சீட்டுக்களை எடுத்துக்கொண்டு மறைப்புக்குள் போய், வேண்டியதை உறையில் போட்டு, எல்லோரும் பார்க்கும்படியான கண்ணாடிப் பெட்டிக்குள் விடவேண்டும். பிறகு பட்டியலில் கையெழுத்து. அப்படிப் போட்டுவிட்டு வந்த ஒரு பாட்டியிடம், யாருக்குப் போட்டீங்கன்னு கேட்டதற்கு, 'பென்ஷனை நிறுத்தமாட்டேன்னு சொன்னவனுக்கு' என்றார். அரசியல் விஞ்ஞானிகள் அதை எந்த வகையில் சேர்ப்பார்களோ தெரியாது.

காரைக்காலின் முடிவு தனியாக வெளியே தெரிவதில்லை. புதுச்சேரித் தூதரகத்தின் மொத்தக் கணக்கில் கரைந்துவிடுகிறது. இங்கிருந்து போகிற ஐந்து எம்.எல்.ஏ.க்களின் எண்பதும் புதுச்சேரியின் 480க்குள் கரைந்துவிடுவது போலத்தான். இப்படிக் கரைவது நமக்குப் புதிது அல்ல. அமெரிக்கத் தேர்தல் முடிவுகளை மாநிலம் மாநிலமாகப் பிரித்துப்போட்டு அலசுகிற நம்முடைய நண்பர்கள், 2000இல் ஃப்ளோரிடாவில் 537 ஓட்டு வித்தியாசம் ஒரு மாநிலத்தின் 25 தேர்வாளர்களையும், அதோடு ஜனாதிபதி பதவியையும் ஒரே பக்கம் சாய்த்ததை இன்றும் வியந்து பேசுகிறார்கள். சீட்டில் இருக்கும் துளையை யார் எப்படி வாசிப்பது என்பதுதான் அங்கே தகராறு. அந்தத் தகராறில் காரைக்கால் அவர்களுக்கு மூத்தது.

1914 தேர்தலை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சிந்தியாவிலிருந்து பாரிஸ் சபைக்கு ஒரு பிரதிநிதி. போட்டியிட்டவர்களில் போல் ப்ளூய்சனும் போல் ரிஷாரும் உண்டு. ப்ளூய்சன் ஏற்கனவே பதவியில் இருந்தவர். ரிஷார், பின்னாளில் அன்னை என்று அழைக்கப்பட்ட மீராவின் கணவர். தேர்தல் முடிந்ததும் அரவிந்தர் சந்திரநாகூரிலிருந்த மோதிலால் ராய்க்கு ஒரு கடிதம் எழுதினார். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ரிஷார் என்று அச்சிட்ட சீட்டையெல்லாம் ப்ளூய்சன் என்று வாசித்துவிட்டார்கள் என்கிறது அந்தக் கடிதம். காரைக்காலில் ரிஷாரே நேரில் தன் ஆட்களை அழைத்துக்கொண்டு போய் ஓட்டுப்போட வைத்த இடத்திலும் அவருக்கு விழுந்தது பூஜ்யம் என்று அறிவிக்கப்பட்டதாம். இரண்டு பேருமே போல். வாசிக்கிறவனுக்குப் பாதி வேலை மிச்சம்! பிரான்சில் உறையையும் மறைப்பையும் கட்டாயமாக்கிய சட்டம் 1913 ஜூலையில் வந்தது. அதற்கு அடுத்த வருஷம்தான் இந்தக் கூத்து.

அரவிந்தர் ரிஷாரின் நண்பர், ஒரு கட்சிக்காரர் என்பதை ஒதுக்கிவிடக் கூடாது. ஆனாலும் அந்தப் பூஜ்யம் கட்டுக்கதை என்று தள்ளமுடியாதபடி பிரெஞ்சிந்தியத் தேர்தல்களின் மோசடியும் அடிதடியும் பாரிஸ் வரை பேர் போனவை. என் அக்கறை மோசடியில் இல்லை. அந்தப் பூஜ்யத்துக்குள் இருந்தவர்கள் யார் என்பதில்தான்.

தஞ்சாவூர் ஜில்லாவில் பண்ணையாளுக்கு ஓட்டு என்ற பேச்சே இல்லாத காலம் அது. பிரிட்டிஷ் இந்தியாவில் அது கடைசிவரை வரவில்லை. 1951-52 பொதுத்தேர்தல்தான் முதல். நெடுங்காட்டுப் பண்ணையாளுக்கோ 1871இலிருந்தே சட்டப்படி ஓட்டு உண்டு. எழுத்தறிவு, சொத்து, சாதி எதுவும் நிபந்தனை இல்லை. ஆணாக இருந்தால் போதும் (பெண்களுக்கு 1945 வரை இல்லை). 1880இல் பிரெஞ்சிந்தியாவைப் பத்து கொம்யூன்களாகப் பிரித்தபோது காரைக்காலுக்கு மூன்று: காரைக்கால், கிராந்தால்தே என்ற திருமலைராயன்பட்டினம், எங்கள் நெடுங்காடு. மேயர், மேரி, கவுன்சில் எல்லாம் வந்தாயிற்று. வயலில் கையைக் கட்டி நின்றவன் பட்டியலில் பிரஜையாக நின்றான். நிலம் மிராசுதாரிடம், சீட்டும் மிராசுதாரிடம். சமத்துவத்தை இவ்வளவு சீக்கிரம் கொடுத்ததில் பிரான்சுக்கு நஷ்டம் ஒன்றும் ஏற்படவில்லை.

நஷ்டம் வரலாம் என்ற பயம் ஒரே ஒரு தடவை வந்தது. 1881 செப்டம்பர் ஆணை, தன் சாதி சமயச் சட்டத்தைக் கைவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரும் உரிமையைத் தந்தது. கைவிட்டவர்கள் ரெனோன்சான்கள். பிரெஞ்சுக் குடும்பப் பெயர் ஒன்றையும் சூடிக்கொண்டார்கள். 1873இல் கோர்ட்டுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போனதற்காக வழக்கைச் சந்தித்த வக்கீல் பொன்னுத்தம்பி, லாபோர்த் ஆனது இப்படித்தான். தாழ்த்தப்பட்டவர்களும் கிறிஸ்தவர்களும் இதில் திரளாகச் சேர்ந்தார்கள். அப்படியானால் இவர்கள் ஐரோப்பியர் பட்டியலில் வரவேண்டுமே? மேல்சாதித் தலைவர் சண்முக வேலாயுத முதலியாரின் கட்சி பதறியது. வெள்ளையர்களுக்கும் அது ருசிக்கவில்லை. 1884இல் உள்ளூர்ச் சபைகளுக்கு மூன்று பட்டியல் வந்தது: ஐரோப்பியர், ரெனோன்சான், மற்ற இந்தியர். சாதியைத் துறந்தவனுக்கென்று ஒரு தனிச் சாதியைக் குடியரசே உண்டாக்கிக்கொடுத்தது. 1899இல் மூன்று இரண்டாயிற்று. ஒரே பட்டியல் 1945இல்தான்.

ஒரே பட்டியல் வந்ததும் எல்லாம் நேராயிற்றா? 1948 அக்டோபரில் நகரசபைத் தேர்தல். எதுவார் குபேரின் கட்சி அள்ளியது. 1951 பாரிஸ் சபைத் தேர்தலில் குபேருக்குத் தொண்ணூறாயிரத்துக்கு மேல், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது! பதவியில் இருந்த லாம்பேர் சரவணனுக்கு இருநூறுகூடத் தேறவில்லை. அதே வருஷம் வந்த நடுநிலைப் பார்வையாளர்கள் வாக்காளர் பட்டியல்களின் குளறுபடிகளைக் குறித்துவிட்டுப் போனார்கள். 1914இன் பூஜ்யமும் 1951இன் தொண்ணூற்றொன்பதும் ஒரே கையெழுத்து.

இங்கேதான் நம்முடைய தேசியச் சொல்லாடல் வேகமாகத் தாண்டிப்போகும் ஒரு இடம் வருகிறது. 1954 அக்டோபர் 18, கீழூர். புதுச்சேரி, காரைக்கால் பிரதிநிதிகள் 178 பேர் ஓட்டுப்போட்டார்கள். இந்தியாவுடன் இணைய 170, எதிர்த்து 8. நவம்பர் 1 முதல் நிர்வாகம் கைமாறியது. போட்டவர்கள் பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகரசபைக் கவுன்சிலர்களும். பார்வையாளர்கள் குறை சொன்ன அதே பட்டியல்களின் காலத்து ஆட்கள். பிரான்சுக்காகத் தொண்ணூற்றொன்பது சதவீதம் காட்டிய கட்சி, 1954 மார்ச்சில் தலைகீழாகத் திரும்பி, பொதுவாக்கெடுப்பே வேண்டாம் என்று தீர்மானம் போட்டுவிட்டு வந்து நின்றது. இணைப்பை நான் குறை சொல்லவில்லை. 1936 ஜூலை 30இல் சுடப்பட்டு விழுந்த பன்னிரண்டு ஆலைத் தொழிலாளர்களிலிருந்து தொடங்கும் அந்தப் போராட்டம் உண்மையானது. அந்த உண்மைக்கு ஒரு எண் தேவைப்பட்டபோது பண்ணையாளையும் தொழிலாளியையும் யாரும் கேட்கவில்லை, அவர்கள் சார்பில் 178 பேரைக் கேட்டார்கள் என்பதுதான் விஷயம்.

கேட்டது பிறகு ஒருமுறை. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியான இணைப்பு வந்ததும், இங்கே பிறந்து இங்கேயே இருந்தவர்கள் இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக்காரராக நீடிக்க வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும். எழுதத் தெரிந்தவனுக்கும், எழுதிக்கொடுக்க ஆள் இருந்தவனுக்கும் அது தேர்வு. சைகோனில் உத்தியோகத்திலோ வியாபாரத்திலோ இருந்தவர்களுக்கோ இது தலைகீழ். அவர்கள் சும்மா இருந்தாலே பிரெஞ்சுக்காரர்கள். மொத்தம் ஐயாயிரம் பேர் அளவில் எழுதிக்கொடுத்தார்கள். சரியாக அந்த ஆறு மாதத்துக்குள், அக்டோபர் 28இல், ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பதென்று பிரான்ஸ் வாக்கெடுப்பில் முடிவு செய்தது. வெளிநாட்டிலேயே ஓட்டுப்போட வழி 1976 சட்டத்தில் வந்தது. 1981இல் மித்தெரான் ஜெயித்த தேர்தல் அதன்கீழ் நடந்த முதல் ஜனாதிபதித் தேர்தல்.

ஒரே தெருவில் இரண்டு வீடு. 1962இல் ஒரு வீட்டில் தாத்தா எழுதிக்கொடுத்தார், அடுத்த வீட்டில் எழுதிக்கொடுக்கவில்லை. இன்று ஒரு வீட்டின் பேரப்பிள்ளை பாரிஸ் புறநகரில். அடுத்த வீட்டின் பிள்ளை நெடுங்காடு தனித்தொகுதியில் எம்.எல்.ஏ.வுக்கு ஓட்டுப்போட்டு, அந்த எம்.எல்.ஏ. வழியாகப் பதினாறில் ஒரு துணுக்காகக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்குள் போகிறான். இரண்டு வீட்டுப் பெயர்களும் 1880களின் பட்டியல்களில் அடுத்தடுத்து இருந்திருக்க வேண்டும், அல்லது சாதியைப் பொறுத்து வெவ்வேறு பட்டியலில்.

புதுச்சேரியின் மொத்தத்திலிருந்து காரைக்காலைப் பிரித்து, காரைக்காலிலிருந்து நெடுங்காட்டைப் பிரித்து, கொம்யூன் கொம்யூனாக அந்தப் பட்டியல்களையும் முடிவுகளையும் யாராவது உட்கார்ந்து படிக்க வேண்டும். பிரான்ஸ் தன் காலனி ஆவணங்களை ஏக்ஸ் நகரத்தில் வைத்திருக்கிறது. அங்கே இருக்கும் நம் பிள்ளைகளில் ஒருவராவது போய், 1914 ஏப்ரலில் நெடுங்காட்டில் பதிவான ஓட்டு எத்தனை என்று பார்த்து எழுதினால், இந்தப் பத்திரிகையில் இடம் உண்டு.