ஒரு செடியின் வம்சம்

சென்னையில் எங்கள் தெருமுனையில் ஓர் இயற்கை அங்காடி இருக்கிறது. போன தை மாதம் ஊருக்குக் கிளம்பும்போது அங்கே இரண்டு கிலோ கிச்சிலிச் சம்பா வாங்கினேன். பாக்கெட்டின் மேல் ஏர் உழும் கிழவரின் படம், கீழே 'ஆயிரம் ஆண்டுப் பாரம்பரியம்' என்று கொட்டை எழுத்து. திருத்துறைப்பூண்டிப் பக்கம் அறுபது வருஷமாக நெல் போட்டு வரும் என் மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரிசியைக் கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டி ஊதினார். "ஏன்டா, இது ஜி.ஈ.பி. தானே? எங்கப்பா காலத்து கவர்மெண்டு நெல்லு. இதுக்கா இவ்ளோ காசு குடுத்த?"

எனக்கு முகம் சுண்டிப்போனது. தேடிப் பார்த்தபோது மாமா சொன்னது சரிதான் என்று தெரிந்தது. கிச்சிலிச் சம்பா என்று ஊருக்குள் புழங்கிய நெல்லின் ஆபீஸ் பெயர் ஜி.ஈ.பி. 24. அந்த மூன்று எழுத்துகள் 'கவர்மெண்ட் எகனாமிக் பாட்டனிஸ்ட்' என்ற பதவியின் சுருக்கம். கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது 1912-ல். எஃப்.ஆர்.பார்னெல் அந்தப் பதவியில் இருந்த காலத்தில், கோணாமணி என்ற நாட்டு ரகத்துக்குள் தானாகவே மாறி முளைத்த ஒரு செடி கண்ணில் பட்டது. சன்னமான அரிசி, நல்ல சோறு. அந்த ஒற்றைச் செடியின் பிள்ளைகளைப் பெருக்கி 1921-ல் வெளியிட்டார்கள். ஆக, 'ஆயிரம் ஆண்டு' என்பதில் ஒரு சைபர் கூடுதல்.

இதைச் சொல்லி அந்தக் கடைக்காரரைக் கேலி செய்வது சுலபம். எனக்கு அதில் ஆர்வமில்லை. ஒரு செடி என்ற விஷயம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

அதற்கு முன்பு விவசாயி வைத்திருந்த நெல்லை இன்றைய அர்த்தத்தில் 'ரகம்' என்று சொல்வது கொஞ்சம் பிசகு. அது ஒரு கூட்டம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே ஜாடை. உள்ளே ஒன்று நாலு நாள் முந்திக் கதிர் வாங்கும், ஒன்று தண்ணீர் தேங்கினால் தாக்குப்பிடிக்கும், ஒன்று பூச்சிக்கு அசராது. மழை பொய்த்த வருஷம் ஒரு பங்கு சாகும், இன்னொரு பங்கு விதையாகும். வீட்டுப் பெண்கள் களத்தில் நல்ல கதிராகப் பார்த்து எடுத்து, விதைக்கோட்டையில் வைக்கோல் சுற்றிக் கட்டுவார்கள். அடுத்த வருஷத்துக் கூட்டம் கொஞ்சம் வேறாக இருக்கும். டெல்டாவில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். குறுவை விதையோடு ஒட்டடையான் விதையையும் வேண்டுமென்றே கலந்து போடுவார்கள். குறுவை முதலில் அறுவடையாகும். அதோடு சேர்ந்து அறுபட்ட ஒட்டடையான் தாள் மறுபடி தழைத்து, மாதங்கள் கழித்து விளையும். ஒரு நடவு, இரண்டு அறுப்பு. ஆள்கூலியும் மிச்சம், ஒன்று போனாலும் ஒன்று நிற்கும்.

நிலத்துக்கு ஏற்ற கூட்டங்கள் தனி. கடலோர உப்பு மண்ணில் குழியடிச்சான், களர் நிலத்தில் களர்பாளை, வெள்ளக்காட்டில் மடுமுழுங்கி. யானை புகுந்தாலும் மறைக்கும் என்று காட்டுயானம். முக்கூடற்பள்ளு நெல் வகைகளை அடுக்கிக்கொண்டே போகும். காலேஜில் படித்தபோது எனக்கு அது வெறும் பெயர்ப் பட்டியலாகத்தான் தெரிந்தது.

கோயம்புத்தூரில் நடந்தது இதற்கு நேரெதிர். டென்மார்க்கின் யோஹான்சன் 1903-ல் சொன்ன 'தூய வரிசை' என்ற யோசனை அப்போது உலகமெங்கும் ஆராய்ச்சிப் பண்ணைகளைப் பிடித்திருந்தது. கூட்டத்துக்குள் சிறந்த ஒருத்தனைப் பிடி, அவன் வம்சத்தை மட்டும் வளர். நெல் பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும் பயிர் என்பதால் இது எளிதாகவும் இருந்தது. விளைச்சல் சீராக வந்தது, மில்லுக்கும் வியாபாரிக்கும் வசதி. 1922-ல் ஆடுதுறை நிலையம் வந்தது. கோ, ஆடுதுறை என்று ஊர்ப்பெயரும் எண்ணும் போட்ட நெல்கள் வரிசையாக வந்தன. நம் நெல்லின் பன்மை குறைந்த கதையைப் பசுமைப் புரட்சியிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். என் கணக்கில் அது நாற்பது வருஷம் முன்னாடியே தொடங்கிவிட்டது. அதுவும் வில்லன் யாரும் இல்லாமல், நல்ல சோற்று அரிசியோடு.

அந்த ஒற்றைச் செடி பிறகு எங்கெல்லாம் போனது என்று பாருங்கள். ஜப்பானின் நோரின் 10 என்ற நெல்லோடு அதைச் சேர்த்ததில் வந்தது ஆடுதுறை 27. ஐ.ஆர். 8 டெல்டாவுக்குள் வருவதற்குச் சற்று முன்பே தஞ்சாவூர்க் குறுவையைப் பிடித்துக்கொண்ட நெல் அது. கோ 18 உடன் சேர்ந்ததில் திரூர் நிலையத்தின் டி.கே.எம். 6 வந்தது. அது தண்டுத்துளைப்பானைத் தாங்கும் என்பதால் பிலிப்பைன்ஸுக்குப் போய் ஐ.ஆர். 20-க்குப் பெற்றோரில் ஒன்றாகியது. ஐ.ஆர். 36-ன் வம்சாவளியிலும் அது இருக்கிறது. 'ஆந்திரா பொன்னி' என்று நாம் கேட்டு வாங்கும் பி.பி.டி. 5204, அதாவது பாபட்லாவின் சம்பா மசூரி, ஜி.ஈ.பி. 24-க்குப் பேரப்பிள்ளை. ஓட்டலில் மதியச் சாப்பாடு சாப்பிடும் நீங்கள் அந்தக் கோணாமணிச் செடியின் வம்சத்தைத்தான் பிசைந்து தின்கிறீர்கள்.

ஐ.ஆர். 8 வந்த காலத்தைப் பற்றிப் பேசும்போது நம் தலைமுறைக்கு ஒரு திமிர் வந்துவிடுகிறது. பசியை நாம் பார்த்ததில்லை. 1965, 66-ல் அடுத்தடுத்து மழை பொய்த்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சு ஓட்டை வாரிக்கொடுத்தது. லாஸ் பானோஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐ.ஆர். 8-ஐ 1966 நவம்பரில் வெளியிட்டது. தைவானின் குட்டை நெல்லான 'டீ-ஜியோ-வூ-ஜென்' ஒரு பக்கம், இந்தோனேசியாவின் உயரமான 'பீட்டா' மறுபக்கம். உரம் போட்டாலும் சாயாத குட்டை. சோதனை வயலில் ஹெக்டேருக்கு 9 டன்னைத் தாண்டியது. நம் ஊர் விவசாயி ஒருவர் பூரித்துப்போய் மகனுக்கே 'ஐ.ஆர். எட்டு' என்று பெயர் வைத்தார். சோறு ஆறினால் விறைத்துப்போகும், மாட்டுக்கு வைக்கோல் கம்மி, கூரை வேயத் தாளே கிடையாது. ஆனால் குதிர் நிறைந்தது. மாமாவின் அப்பா இரண்டே வருஷத்தில் நாட்டு விதையை எல்லாம் அவித்துச் சாப்பிட்டுத் தீர்த்தாராம். "வச்சிருந்து என்ன பண்றது? எலிக்கா?"

விதை அப்படித்தான் தொலைந்தது. யாரும் அழிக்கவில்லை. ஒரு போகம் விதைக்காமல் விட்டார்கள், இன்னொரு போகமும் விட்டார்கள். அதற்குமேல் நெல் முளைக்காது.

பின்னாலேயே தத்துப்பூச்சி வந்தது. அது பரப்பிய புல்தழைக் குட்டை நோய் எழுபதுகளில் தென்கிழக்கு ஆசியாவின் குட்டை நெல்களைப் பதம்பார்த்தது. நிறுவனத்தின் சேமிப்பிலிருந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகளைச் சோதித்தார்கள். தாங்கி நின்றது ஒன்றே ஒன்று. அதுவும் பயிர் நெல் அல்ல. உத்தரப்பிரதேசத்தில் எடுத்த, ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல்லின் ஒரு மாதிரி. அந்தக் குணத்தை உள்ளே நுழைத்து, கேரளத்துப் பட்டாம்பியின் இரண்டு ரகங்கள் வழியாகப் பூச்சித் தாங்கும் குணத்தையும் சேர்த்து, 1976-ல் வந்ததுதான் ஐ.ஆர். 36. எண்பதுகளில் அது 1 கோடியே 10 லட்சம் ஹெக்டேரில் நின்றது. ஒரே தாவரத்தின் ஒரே ரகம் அதற்குமுன் அவ்வளவு நிலத்தில் நின்றதில்லை.

நோயிலிருந்து காப்பாற்றியது பன்மை. காப்பாற்றிய கையோடு அது மறுபடியும் ஒருமையாகிவிட்டது. பெயர்கள் மட்டும் பெருகின: ஐ.ஆர். 20, 36, 50, 64. உள்ளே பார்த்தால் பெரும்பாலும் அதே தைவான் குட்டைக் குணம். தாய்வழியில் தேடினால் பல ரகங்கள் பீட்டாவின் தாயான 'சீனா' என்ற ஒரே ரகத்தில் போய் முடிந்தன. தாய்வழி ஒன்றானால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் மக்காச்சோளம் 1970-ல் காட்டியிருந்தது. ஒரே சைட்டோபிளாசத்தை நாடு முழுக்க விதைத்தார்கள். ஓர் இலைக்கருகல் நோய் வந்து விளைச்சலில் சுமார் 15 சதவிகிதத்தைத் தின்றுவிட்டுப் போனது. நெல்லில் அப்படி நடக்கவில்லை. சாமர்த்தியமா அதிர்ஷ்டமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்று லாஸ் பானோஸின் குளிர் அறைகளில் 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் அதிகமான நெல் மாதிரிகள் இருக்கின்றன. பெரிய காரியம். ஆனால் குளிரில் இருக்கும் விதைக்கு எந்தப் பூச்சியும் பழக்கமில்லை, 2004 சுனாமிக்குப் பின்னான உப்பு மண்ணும் பழக்கமில்லை. வைத்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். அதனால்தான் திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரங்கத்தில் நெல் ஜெயராமன் செய்தது எனக்கு வேறு வகையான வேலையாகப் படுகிறது. நம்மாழ்வாரோடு சேர்ந்து ஊர் ஊராகத் தேடி, 2006 முதல் விதைத் திருவிழா நடத்தினார். இரண்டு கிலோ வாங்கிப் போனால் அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்ப வேண்டும். 2018 டிசம்பரில் இறப்பதற்குள் 170 வகை அளவுக்கு நெல்லை மீண்டும் வயலுக்குக் கொண்டுவந்துவிட்டார். அந்த அரிசிகளின் மேல் இன்று ஒட்டப்படும் சர்வரோக நிவாரணி லேபிள்கள் எனக்கு ஒப்பவில்லை. அந்த நான்கு கிலோ விதி ஒப்புகிறது.

தைக்கு மறுநாள் மாமாவோடு வயலுக்குப் போனேன். வாய்க்கால் ஓரத்தில், சம்பாவை ஒட்டி, நீளமான சுணையோடு சிவந்த ஒரு கதிர் தனியாக நின்றது. தொட்டதும் நெல் உதிர்ந்தது. "காட்டு நெல்லுடா. பழுக்கறதுக்குள்ள கொட்டிரும். விட்டா வயல் பூரா வந்துரும்" என்று வேரோடு பிடுங்கி வரப்பில் எறிந்தார். வேட்டி ஓரத்தில் ஒட்டியிருந்த நாலைந்து நெல்மணிகளையும் தட்டிவிட்டார். அவை வாய்க்கால் தண்ணீரில் விழுந்து பக்கத்து வயலுக்குப் போயின.