பிற்காப்பு
பதினெட்டு வயது நிறைந்து குழந்தைகள் இல்லத்தை விட்டு வெளியேறுவோர்க்கு அரசு நல்கும் ஆதரவைச் சிலர் 'பின்பராமரிப்பு' என்று எழுதுவது, விற்ற விசைத்தறிக்கு மெக்கானிக் அனுப்புவதுபோல் தொனிப்பதால், அரசு வழக்கிலுள்ள 'பிற்காப்பு' எவ்வளவோ மேல். 'கா' என்னும் அடியில் பிறந்து காவல், காப்பகம் எனக் கிளைத்த காப்பு, குழந்தையின் கைவளைக்கும், நூல் முகப்பில் நிற்கும் தெய்வ ஸ்துதிக்கும், விரதம் தொடங்குமுன் மணிக்கட்டில் முடியும் மஞ்சள் கயிற்றுக்கும் பெயராயிற்று. எங்கள் கருமத்தம்பட்டிப் பக்கத்திலோ, பொங்கலுக்கு முதல்நாள் வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்து இறவாரத்தில் செருகுவதே காப்புக்கட்டு. இப்படி எதற்கும் முந்தி வருவதே காப்பின் சுபாவமாயிருக்க, அதைப் பின்னே வைத்தது சட்டம். 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டம் 46ஆம் பிரிவில் நிதியுதவிக்கு இடமளிக்க, 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள் பிற்காப்பை 21 வயது வரையிலும், விசேஷ சந்தர்ப்பங்களில் 23 வரையிலும் நீட்டுகின்றன. ஆனால், வாடகை அறைக்கு முன்பணம் பேசவும், ஆதாரில் விலாசம் மாற்றவும் உடன்வர ஆள் தேடும் இளைஞனுக்கு வேண்டுவது காவலன்று, துணை. ஆதலின் 'பின்துணை' என்பதே பொருத்தமென்பது என் அபிப்பிராயம்.